அரைக் கட்டை குறைவாக

ரெக்கார்டிங் தியேட்டருக்குப் போகிற வழியெல்லாம் தங்கை காரின் கதவுக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். வண்டியை ஓட்டிய அக்கா சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, பாடப் போறது நானா நீயா? நீ ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. காபி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

உண்மையில் காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட அவளுக்கு உள்ளே இறங்கவில்லை.

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்தி வந்தார்கள். அக்காதான் பாடகி. குழுவில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். மைக் வேலை செய்யாவிட்டாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். தங்கைக்கு வைத்த பெயர் டெய்லர். மெட்டுப் போடுவது அவள். பாட்டை எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது, எந்த வாத்தியம் எப்போது உள்ளே வருவது, பல்லவி எந்த இடத்தில் திரும்புவது எல்லாம் அவள் தைத்துக் கொடுப்பதுதான். ஆனால் அளவு சொல்வது அக்கா. "இந்தப் புல்லாங்குழல் எதுக்கு, சளி பிடிச்ச மாதிரி இருக்கு, எடு" என்பாள். எடுத்துவிட வேண்டியதுதான். சிறு வயதில் யார் ஜன்னலோரம் உட்காருவது என்பதை அக்கா தீர்மானித்த அதே குரலில்தான் இதுவும் தீர்மானமாகும்.

அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. குழுவுக்குள் அதை ரயில் பாட்டு என்பார்கள். வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்ட ஒரு பெண் ரயிலில் உட்கார்ந்து பாடுவது. பல்லவி பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதுபோலச் சாதாரணமாகத் தொடங்கும். அடுத்து வரும் அனுபல்லவியில்தான் விஷயம். 'போற ஊருக்குப் பேரு எதுக்கு' என்று குரல் படிப்படியாக ஏறி, 'எதுக்கு' என்ற சொல்லில் உச்சிக்குப் போய் நிற்கும். அந்த உச்சியில் வயலின்கள் அவள் சுரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சறுக்குமரத்தில் வருவதுபோல வழுக்கி இறங்கி, மறுபடி பல்லவியில் கொண்டுவந்து விடும். அப்புறம் இடையிசை, தாழ்ந்த குரலில் ஒரு சரணம், மறுபடி அதே ஏற்றம்; இரண்டாவது சரணத்துக்கும் அப்படியே. சொல்லப்போனால் மொத்தப் பாட்டும் அந்த ஒரு சொல்லைத் தூக்கி நிறுத்தக் கட்டிய சாரம்தான். கல்லூரி முடித்த சூட்டில் தங்கை கட்டியது.

கோளாறு தொடங்கியது ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில். 'எதுக்கு' வந்ததும் அக்கா மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "நீங்க பாடுங்க!" என்றாள். கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி பாடியது. எல்லோருக்கும் கொண்டாட்டம். மேடையோரம் நின்றிருந்த தங்கை மட்டும் அக்காவின் தொண்டையைப் பார்த்தாள். அடுத்த கச்சேரியிலும் மைக் நீண்டது. அதற்கடுத்ததில் சரியாக அந்த இடத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது.

அக்காவிடம் அதைப் பேசலாம் என்று தங்கை நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது? 'அக்கா, உன் குரல் இறங்குது' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் கீபோர்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ரயில் பாட்டை அரைக் கட்டை இறக்கிடுங்க. அக்காவுக்குச் சொல்ல வேணாம்" என்றாள். சுருதியில் அரைக் கட்டை என்பது ஒரு சின்னப் படி. கீபோர்டில் ஒரு பொத்தான். விரல் அதே இடத்தில் இருக்கும், ஓசை மட்டும் இறங்கிவிடும். வயலின்காரர் முணுமுணுத்தார், பேஸ் கிடார்க்காரர் கேள்வி கேட்காமல் பழகிக்கொண்டார். அன்றைக்கு அக்கா உச்சியைச் சுலபமாகப் பிடித்தாள். "தொண்டை இன்னைக்கு வெண்ணெய் மாதிரி இருந்துச்சுடி" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

சில மாதங்களில் இன்னொரு அரை. பிறகு இன்னொன்று. மேலே இறக்க இறக்கக் கீழே இடித்தது. சரணம் ஏற்கெனவே தாழ்ந்த இடம். இப்போது அது பாதாளத்துக்குப் போய்விட்டது. அக்கா பாடினால் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருந்தது. தங்கை சரணத்தின் மெட்டைக் கொஞ்சம் தூக்கினாள். தூக்கியதால் இடையிசை ஒட்டவில்லை. அதை மாற்றினாள். அங்கே ஒரு வெறுமை வந்தது. அக்கா என்றோ வேண்டாம் என்ற புல்லாங்குழலைச் சத்தமில்லாமல் அதில் வைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சாக்கு: ஹால் சின்னது, நேரம் குறைவு, வயலின்காரருக்குத் தோள்பட்டை வலி. ராத்திரி படுத்தால் பாட்டின் ஏதோ ஒரு மூலை காதுக்குள் நமநமவென்று அரிக்கும். எழுந்து விளக்கைப் போடுவாள்.

இந்த நிலையில்தான் ரயில் பாட்டை வெளியிட்ட கம்பெனி கூப்பிட்டது. பழைய டேப்பில் குரல் இல்லாமல் வாத்தியங்கள் தனியே கிடைத்திருக்கின்றன, அவற்றின்மேல் வெண்கலம் மறுபடி பாடினால் புதுசாக வெளியிடலாம் என்றார்கள். அக்கா தங்கையைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள்.

தியேட்டரில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். அவர் பின்னால் தங்கை. உட்கார முடியாமல் சோபாவுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள். சுருதியை இறக்கித் தரச் சொல்லி இன்ஜினியரிடம் முன்கூட்டியே பேச நினைத்திருந்தாள். வந்ததும் அக்கா நேராக உள்ளே போய்விட்டாள், அவரும் பட்டனைத் தட்டிவிட்டார்.

முன்னிசை ஓடியது. அக்கா பல்லவியின் முதல் வரியை எடுத்தாள். பாதியில் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. என்னங்க இது, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு? வேகத்தை ஏத்திட்டீங்களா?"

"இல்லை மேடம். டேப்புல இருந்ததை அப்படியே போட்டேன். இதுதான் ஒரிஜினல் சுருதி."

"நான் போன வாரம்கூட இதைப் பாடினேனே."

இன்ஜினியர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்த பெருமையில் சிரித்தார். "மேடையில நீங்க இறக்கித்தானே மேடம் பாடுவீங்க? என் மச்சான் கிடார் வாசிக்கிறவன். உங்க கச்சேரிக்கு வந்துட்டுச் சொன்னான், இப்பல்லாம் ஒன்றரைக் கட்டை கம்மின்னு."

அக்கா கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தாள். தங்கை சோபாவைப் பார்த்தாள்.

"போடுங்க" என்றாள் அக்கா. பாட்டு மறுபடி ஓடியது. பல்லவியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். அனுபல்லவியில் ஏறினாள். 'எதுக்கு' என்ற இடத்தில் குரல் உச்சியைத் தொட்டு, அங்கேயே நூல் அறுந்ததுபோல இரண்டாகப் போனது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஆணியில் ஒழுங்காக மாட்டினாள். வெளியே வந்தாள். தங்கையைக் கடந்து போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

தங்கை பஸ் பிடித்து அத்தானின் கடைக்குப் போனாள். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நினைத்தது சரி. அக்கா அங்கேதான் இருந்தாள். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, ஒரு ஃபிரேமைப் போட்டுப் பார்ப்பதும் கழற்றுவதும் அடுத்ததை எடுப்பதுமாக இருந்தாள். அவளுக்குப் பார்வையில் எந்தக் குறையும் கிடையாது. அத்தான் ஒரு வாடிக்கையாளரிடம், "கடைசி வரி தெரியுதா? முயற்சி பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" கண்ணாடியிலிருந்து திரும்பாமலே அக்கா கேட்டாள்.

"குழுவுல எல்லாருக்கும்."

"எல்லாருக்கும். நான் ஒருத்திதான் கேனச்சி." இன்னொரு ஃபிரேமை எடுத்தாள். "உங்களுக்குமா?"

கேள்வி தன் பக்கம் வந்ததில் அத்தான் திடுக்கிட்டார். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தார். "எனக்கு இந்தக் கட்டை, குட்டை எல்லாம் என்ன தெரியும்? நான் கண்ணு பார்க்கிறவன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா நீ சமைச்சுக்கிட்டே பாடுவேல்ல, அந்த இடம் வந்தா குழாயைத் திறந்து விட்டுடுவே. ரொம்ப நாளாவே. அது தெரியும்."

அக்காவின் கை ஃபிரேமோடு அப்படியே நின்றது. நாற்காலிக்காரர் தனக்குத் தெரிந்தவரை எழுத்துகளைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்…"

"அந்தப் புல்லாங்குழலும் என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் வெச்சியா?"

தங்கை மேசையில் கிடந்த ஒரு ஃபிரேமை எடுத்து மடக்கினாள்.

"எனக்காகப் பண்ணியா, உனக்காகப் பண்ணியா? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு" என்றாள் அக்கா. கடை வாசல் கதவு அவள் பின்னால் ஆடி நின்றது.

அன்று சாயங்காலம் முழுக்கத் தங்கை தெருத்தெருவாக நடந்தாள். கடைகளின் ஷட்டர்கள், மிதிவண்டி மணிகள், மாடியில் யாரோ கம்பளத்தைத் தட்டும் சத்தம் எல்லாம் தாளமாக வந்து மண்டையில் விழுந்தன. அக்காவுக்காகத்தான் என்று ஒவ்வொரு தெருமுனையிலும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். முதல் அரைக் கட்டை அக்காவுக்காக. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கப்புறம்? சரணத்தைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கோத்தபோது, யாரிடமும் கேட்காமல், யாரும் 'வேணாம், எடு' என்று சொல்லாமல், பாட்டு முதல் தடவையாக அவள் கையில் மட்டும் இருந்தது. அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அக்காவின் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கினால் இன்னும் என்னென்ன செய்யலாம் என்றுகூட ஒருநாள் யோசித்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் நடையைக் கூட்டினாள்.

குழுவின் ஒத்திகை அறை ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரங்கள் சுழலும்போது தரை லேசாக நடுங்கும். மறுநாள் தங்கை படியேறிப் போனபோது அக்கா எல்லோருக்கும் முன்பே வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நேத்து நீ கேட்டதுக்கு…"

"அப்புறம்" என்றாள் அக்கா. கீபோர்டுக்காரரைப் பார்த்தாள். "அந்தப் பொத்தானைத் திருப்பி வெச்சுடுங்க. ஒரிஜினல்ல வாசிங்க."

யாரும் தங்கையின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. வாசித்தார்கள். குரல் உடைந்தது. "மறுபடி." மறுபடியும் உடைந்தது. "மறுபடி." டிரம்மர் கொஞ்சம் இலகுவாக்க நினைத்து, "அக்கா, ரயில் மலையேறுது போலிருக்கு, ரெண்டு இன்ஜின் போடலாமா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் குச்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எத்தனையாவது தடவையோ தெரியாது. அக்கா அனுபல்லவியில் ஏறத் தொடங்கினாள். பாதி ஏறியவள் நின்றாள். மூச்சு வாங்கினாள். வாத்தியங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், மேலே போக வேண்டிய சொல்லைக் கீழே கொண்டுபோனாள். 'பேரு எதுக்கு.' படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்குவதுபோல இறங்கி, அடியில் போய் நின்றாள். அந்தச் சுரம் பழைய சுருதியில் அவள் தொண்டைக்குச் சுகமான இடம். முழுக் குரலோடு, கனமாக விழுந்தது.

வயலின்காரர் வழக்கம்போல உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவதற்காக வில்லைத் தூக்கினார். சறுக்க எதுவும் இல்லை. வில்லைக் கீழே இறக்கினார். பாட்டு அந்தரத்தில் நின்றது.

"தப்பாப் போச்சு" என்றாள் அக்கா.

"இல்ல. இரு, இரு." தங்கை அறையின் குறுக்கே ஓடிவந்துவிட்டாள். "அதையே பாடு."

இதுவரை அந்தச் சொல், வீட்டை விட்டு ஓடிய பெண் உலகத்தைப் பார்த்துப் போட்ட சவால். கீழே இறங்கியதும் அதே சொல்லை யாரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனக்குள் கேட்டுக்கொள்வதுபோல ஆகிவிட்டது. பதில் வேண்டாம் என்கிறவளின் கேள்வி.

"நல்லா இருக்குக்கா. ஆனா அடுத்து பல்லவிக்கு எப்படிப் போறது? வயலின் இறங்கறதுக்கு இடமில்லையே."

"வயலினை எடு."

"எடுத்தா ஓட்டையா இருக்கும்."

"இருக்கட்டும். எதுக்கு எல்லாத்தையும் அடைக்கறே? நான் நிக்கிற சுரத்தை பேஸ் மட்டும் பிடிக்கட்டும். நான் மூச்சு எடுத்துட்டு நேராப் பல்லவிக்கு வந்துடுவேன்."

"அவ்வளவு நேரம் பேஸ் மட்டும்னா ஜனங்க பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு கை தட்டிடுவாங்க. பாதி போதும்."

"முழுசா வேணும்."

"பாதி!"

இருவரும் மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று கத்தினார்கள். பேஸ் கிடார்க்காரர் இரண்டையும் வாசித்துக் காட்டினார். பாதிதான் சரி. அக்கா அதை ஒப்புக்கொண்டாள். பிறகு புல்லாங்குழல்காரர் பக்கம் திரும்பினாள். தங்கை காத்திருந்தாள். "நீங்க ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் மட்டும் வாங்க" என்றாள் அக்கா. மதியச் சாப்பாட்டை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். சலவைக்கடைக்காரர் மேலே வந்து, துணி எடுக்க வந்தவர்களெல்லாம் போகாமல் படியில் நிற்கிறார்கள், கொஞ்சம் கதவைச் சாத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பிப் போனதும் தங்கை ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "முதல் தடவை உனக்காகத்தான்க்கா. அப்புறம் எனக்காக."

அக்கா மைக் ஸ்டாண்டை மடக்க முயன்றாள். திருகு இறுகியிருந்தது. தங்கை இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மடக்கினார்கள்.

கம்பெனி மேனேஜருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மேடம், ஜனங்க காசு… அதாவது, ஜனங்க காத்திருக்கிறதே அந்த ஒரு இடத்துக்குத்தான். அதையே எடுத்துட்டா?" என்று போனில் அலுத்துக்கொண்டார். பழைய டேப்பின்மேல் இந்தப் பாட்டு உட்காராது, குழுவே புதிதாக வாசிக்கும் என்று தங்கை சொன்னதும் பேச்சு இன்னும் நீண்டது. கடைசியில், பழைய பதிவைத் தூசு தட்டி அப்படியே விடுவதாகவும், புதியதைப் பின்னால் ஒட்டுப்பாட்டாகச் சேர்ப்பதாகவும் முடிவானது. அக்காவுக்கு ஒட்டுப்பாட்டு என்ற சொல் சுருக்கென்றது. ஆனாலும் சம்மதித்தாள்.

முதல் தடவை அதை மேடையில் பாடிய அன்று ஹால் நிரம்பியிருந்தது. முன்னிசை தொடங்கியதுமே விசில். அனுபல்லவி வந்தது. ஹால் முழுவதும் உச்சிக்கு ஏறத் தயாராக மூச்சை இழுத்தது. அக்கா இறங்கினாள். கூட்டம் ஏறியது. அத்தனை நூறு குரலும் மேலே போய் நின்று, பாடகி அங்கே இல்லை என்று கண்டு, ஆளுக்கொரு பக்கமாகச் சிதறின. சங்கடமாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தங்கைக்கு இரண்டு பேர் எழுந்து வெளியே போவது தெரிந்தது.

சரணம் முடிந்து மறுபடி அந்த இடம் வந்தது. இப்போது யாரும் கூடப் பாடவில்லை. அக்கா தனியாக இறங்கினாள். பேஸ் அவள் சுரத்தைப் பிடித்துக்கொண்டது. ஹாலில் ஒரு நாற்காலி கூடக் கிறீச்சிடவில்லை. கடைசித் தடவை வந்தபோது முன்வரிசையில் சிலர், பின்னால் இன்னும் சிலர், தயங்கித் தயங்கி அவளோடு கீழே வந்தார்கள். எல்லோரும் அல்ல. பாதிப்பேர் இருக்கலாம்.

பாட்டு வெளியானபோது பழையதைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். புதியதைப் பற்றி யாரோ, வெண்கலம் ஈயமாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதை ஒத்திகையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். டிரம்மருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் வந்தவள், மீதிப் பாட்டுகளையும் எடு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றாள்.

அதிலிருந்து தங்கைக்கு நிம்மதி போயிற்று. முன்பு கள்ளத்தனம் அரித்தது. இப்போது அக்காவே அரிக்கிறாள். குளிக்கும்போது ஒன்று தோன்றிவிட்டது என்று ஈரத்தலையோடு போன் செய்வாள். இந்தப் பல்லவியைக் கடைசியில் வைத்தால் என்ன, அந்தச் சரணத்தை முன்னால் கொண்டுவந்தால் என்ன, தாளமே இல்லாமல் ஆரம்பித்தால் என்ன? முக்கால்வாசி உருப்படாத யோசனை. மீதியைத் தள்ள முடியாது. தங்கை சண்டை போட்டபடி எழுதிக்கொள்வாள்.

ஒருநாள் ஒத்திகை அறைப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சலவை இயந்திரம் ஓடி முடித்து, சுழல்வது நின்றது.

"இன்னும் கொஞ்ச வருஷத்துல கீழேயும் எட்டாமப் போயிட்டா?" என்றாள் அக்கா.

"அப்ப வேற ஏதாவது பண்ணுவோம்."

"என்ன பண்ணுவே?"

"இப்பவே எப்படித் தெரியும்? ஆனா சொல்லிட்டுப் பண்ணுவேன்."

"சொல்லிட்டு இல்ல" என்றாள் அக்கா, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே. "கேட்டுட்டுப் பண்ணு."